மலை இறங்கியும் ஏறாத வகுப்பு

இடுக்கி மாவட்டத்தில் ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. மூணாறின் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து சிங்கப்பூர் கிளம்புபவர்கள் அடிமாலி, நேரியமங்கலம் என்று வளைந்து வளைந்து மலை இறங்கி நெடும்பாசேரி போய்ச் சேர நான்கு மணி நேரமாவது ஆகும்.

பாலக்காட்டுக்காரர்களின் சங்கடம் வேறு. வாளையாறைத் தாண்டினால் கோவை விமான நிலையம், ஏறக்குறைய 60 கி.மீ. ஆனால் அங்கிருந்து சிங்கப்பூர் பறக்கும் ஸ்கூட், சிக்கன விமானம். பிசினஸ் வகுப்பைத் தேடிப் பயனில்லை. சேர்த்துவைத்த மைல்களைக் கொடுத்து அம்மாவை ஒரு முறையாவது கால் நீட்டி உட்காரவைக்க நினைக்கும் மகன், இரு மடங்கு தூரம் போய்க் கொச்சியில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் பிடிக்க வேண்டும்.

போனால், கவுன்டரில் கை விரிக்கிறார்கள். எகானமியில் 'லைட்' எனப்படும் மலிவுக் கட்டண டிக்கெட்டை மைல் கொடுத்து உயர்த்த முடியாது. முன்புறம் சீட் காலியாக இருந்தாலும் சரி. குறைந்த விலைக்கு வாங்கியபோதே அந்த உரிமையையும் விட்டுக்கொடுத்தாயிற்று என்பது நிறுவனத்தின் கணக்கு. (விடியுமுன் மலை இறங்கிய பெரியவருக்கு இதை யார் விளக்குவது?) மைல்களை வைத்துக்கொண்டு காத்திருக்கவும் வழியில்லை, சாதாரண உறுப்பினருக்கு மூன்றாண்டுகளில் காலாவதி.

உயர்த்த அனுமதிக்கும் கட்டணத்தில் டிக்கெட் எடுப்பது ஒரு வழி. முழு டிக்கெட்டையும் மைலிலேயே எடுப்பது இன்னொன்று. அதற்கு அம்மாவின் பெயரை உறுப்பினரின் பட்டியலில் முன்பே சேர்த்திருக்க வேண்டும். ஐந்து பேர் வரை இடமுண்டு. இரண்டையும் வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம்.