ஊரப்பாக்கம்: பிரித்தால் பிழைக்கும் மெத்தை

வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால் ஊரப்பாக்கம். நெல் விளைந்த பூமிதான். இப்போது அடுக்குமாடி விளைகிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு குடிவருவோர் இன்னும் கூடிவிட்டார்கள். வீடு மாறும்போது முதலில் வெளியே போவது பழைய மெத்தை. காலி மனையிலும் ஏரிக்கரையிலும் மழையில் ஊறிக் கிடக்கும் நுரை மெத்தை, சென்னைப் புறநகர் எங்கும் பார்த்துப் பழகிய காட்சி.

அதற்கு இப்போது ஒரு துணையும் சேர்ந்துவிட்டது. மெத்தைக்கு மேலே போடும் 2, 3 அங்குல விரிப்பு. கடையில் 'டாப்பர்' என்பார்கள். பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை, பெட்ரோலியத்திலிருந்து வருவது. எளிதில் மக்காது. கொளுத்தினால் ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சுப் புகை வரும். சுத்தமான நுரையைத் துண்டாக்கி, ஒட்டி அழுத்தி, மறுபடி மெத்தை செய்ய முடியும். ஆனால் துணியோடு ஒட்டி, நீர் கோத்துப்போனதை எந்தப் பழைய சாமான்காரரும் எடுக்கமாட்டார். எடை குறைவு, வண்டியில் இடமோ அதிகம்.

இலவம்பஞ்சு மெத்தையின் கதை வேறு. போடி, வருசநாடு பக்கம் தேனி மாவட்டத்து மலையடிவாரங்களில் விளைந்து வரும் பஞ்சு அது. இழை ஒவ்வொன்றும் உள்ளே வெற்றிடம் உள்ள குழல். மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் எடை தெரிவதில்லை, தண்ணீரில் மிதக்கிறது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அடைத்ததும் இதைத்தான். இழை குட்டை, வழுவழுப்பு. நூலாக நூற்பது கடினம். ஆகவே தலையணைக்கும் மெத்தைக்கும் என்றே ஆகிவிட்டது. காயில் பழம் வரும் என்று காத்திருந்த கிளி ஏமாந்தது, மனிதன் ஏமாறவில்லை.

சில வருடத்தில் பஞ்சு அமுங்கிக் கட்டிப்படும். அப்போது மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தையலைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, அடித்து, நொறுங்கித் தூளானதைக் கழித்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்துப் புது உறையில் அடைத்தால் தீர்ந்தது. தெருவில் குரல் கொடுத்து வரும் மெத்தைக்காரர் ஒரு பகலில் முடித்துத் தருவார். தூசி பறக்கும், இழுப்பு உள்ளவர்கள் அன்றைக்கு விலகி இருப்பது நல்லது. கழிந்த பஞ்சைச் சாணத்தோடு குப்பைக்குழியில் போடலாம். பாலியெஸ்டர் உறையையும் ஜிப்பையும் மட்டும் தனியே எடுத்துவிட வேண்டும்.

இங்கிருந்து கிழக்கே கோவளம், மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் தென்னந்தோப்புகள். மட்டையை அடுப்புக்கு எரிப்பவர்கள் இன்னும் உண்டு. சுமார் 1,000 மட்டையில் 80 கிலோ நார் கிடைக்கும். நார்க்கழிவு அதைப்போல இரண்டு மடங்கு. அந்த நாரில் ரப்பர் பாலைத் தெளித்துச் சூட்டில் இறுக்கி எடுப்பதே 'கயிர் மெத்தை'. உறுதியானது, காற்றோட்டம் உள்ளது. ஆனால் ரப்பரும் நாரும் ஒட்டிய பிறகு இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. 'இயற்கை' என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், மறுபடி பயன்படுமா என்பது தனிக் கேள்வி. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அதுதான்: உறையைக் கழற்ற முடியுமா, உள்ளே இருப்பது ஒரே பொருளா, பசை போட்டு ஒட்டியதா?

கோடைக்கு இத்தனை ஆராய்ச்சியும் வேண்டாம். வந்தவாசிக் கோரைப்பாய் ஒன்றை மெத்தைமேல் விரித்தால் போதும். பிளாஸ்டிக் பாய் அந்தக் குளிர்ச்சியைத் தராது.

வரப்போரம் இலவமரம் வைக்கலாமா என்று செங்கல்பட்டு விவசாயிகள் யோசிக்கலாம். தண்ணீர் தேங்காத மேட்டுநிலமாக இருக்க வேண்டும். மரம் மென்மையானது, காற்றில் கிளை முறியும். 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீடு, மாட்டுக்கொட்டகை, மின்கம்பிக்கு அருகே கூடாது. கன்று எடுக்கும் முன் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம். காய் பழுப்பாகி வெடிக்கும் முன்பே பறித்து, வெயிலில் காயவைத்து, ஓட்டையும் விதையையும் நீக்க வேண்டும். வெடித்துவிட்டால் பஞ்சு காற்றோடு போய்விடும்.