சோறும் ஓட்டமும்

சங்க அங்கத்தவர் ஒருவரின் மகன் சென்ற ஆண்டு மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்டான். வயது இருபத்திரண்டு. பிறந்ததிலிருந்து சைவ உணவுதான். போட்டிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அவன் சோற்றை நிறுத்திவிட்டான். சோறு உடம்பை மந்தமாக்கும், புரதமே பலம் என்று கூட ஓடுகிறவர்கள் சொல்லியிருந்தார்களாம். தாயார் புட்டு அவித்தாலும் இடியப்பம் அவித்தாலும் தொடுவதில்லை. புரத மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

"சோறு தின்னாதவனுக்கு ஓடப் பெலன் எங்கையடா வரும்?" என்று அம்மம்மா கேட்டார்.

"அம்மம்மா, உங்களுக்கு இது விளங்காது" என்று விட்டான்.

மரதன் ஓட்டம் 42.195 கிலோமீட்டர் தூரம். முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் அவனுடைய கால்கள் நின்றுவிட்டன. அடிபடவுமில்லை, மூச்சு முட்டவுமில்லை. தலை கிறுகிறுத்து, அடுத்த அடி வைக்க முடியாமல் வீதியோரத்தில் குந்திவிட்டான். வேடிக்கை பார்க்க நின்ற ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தமது கைப்பையிலிருந்து நாலைந்து இனிப்புகளை எடுத்து நீட்டினார். சற்று நேரத்தில் எழுந்து, மிச்சத் தூரத்தை நடந்தே முடித்தான்.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம். சைவச் சாப்பாட்டால் வந்த வினை இது, இனி முட்டையாவது கொடுக்க வேண்டும் என்றார் தகப்பனார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் முட்டை சமைத்ததில்லை. தாயார் ஒன்றும் பேசாமல் சுவாமி அறைக்குள் போய்விட்டார். பிள்ளையின் உடல்நலமா, குடும்பத்தின் விரதமா என்ற கேள்வி அந்த வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இளம் பிள்ளைகள் விளையாடப் போகும் பல வீடுகளில் இது எழுகிறது.

ஆனால் பழி சைவத்தின் மேல் விழ நியாயமில்லை. உண்ட மாச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், ஈரலில் 100 கிராம் என்று கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து 2,000 கலோரி அளவுதான். அறுபது கிலோ எடையுள்ளவன் மரதன் தூரம் ஓட 2,500 கலோரி வரை வேண்டும். கொழுப்பு எவ்வளவோ உண்டு, மெலிந்தவனிடமும் பல கிலோ இருக்கும். ஆனால் அது மெதுவாக எரிவது, வேகமாக ஓடுகிறவனுக்கு அது மட்டும் போதாது. சேமிப்பு நிறைந்தவனுக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தட்டுப்பாடு வரும். அந்தப் பிள்ளையோ அரைக் களஞ்சியத்தோடு புறப்பட்டவன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமுமல்ல. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் மரதன் முடிவில் சாமுவேல் லெவின் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தவர்களே துவண்டு விழும் நிலையில் இருந்தார்கள். மறு ஆண்டு, முன்கூட்டியே மாச்சத்து மிகுந்த உணவு உண்ணவும், ஓடும்போது இனிப்புச் சாப்பிடவும் சொன்னார்கள். நிலைமை நன்கு தேறியது. அந்த மூதாட்டியின் கைப்பையில் இருந்தது நூறாண்டுப் பழமையான மருந்து!

1967இல் சுவீடனில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரே ஆட்களுக்கு மூன்று விதமான உணவு கொடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் களைத்து நிற்கும் வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். புரதமும் கொழுப்புமே உண்டபோது சராசரி 57 நிமிடம். கலந்த உணவில் 114. மாச்சத்து மிகுந்த உணவில் 167. (நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர்களும் சர்க்கரை வியாதிக்காரரும் இதைப் படித்துவிட்டு இன்னொரு கோப்பைச் சோறு கேட்க வேண்டாம். இது மிதிக்கிறவர்களின் கணக்கு.)

இனி அம்மம்மாவின் விஷயத்துக்கு வரலாம். அவருடைய தகப்பனார் மலாயாவில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். "எங்கட ஆக்கள் புழுங்கலரிசி திண்டபடியால்தான் அந்தக் காட்டிலை தப்பினவை" என்று அவர் சொல்வாராம். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்ததில்லை. ஆனால் அது அப்படியே உண்மை.

அந்நாளில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, நெஞ்சு பலவீனப்பட்டுச் சாவார்கள். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளருக்கு இது பெருவாரியாக வந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளருக்கு மிக அரிது. நெகிரி செம்பிலானில் வைத்தியராக இருந்த பிராடன் 1907இல் எழுதிய நூலில் இந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே, 1905இல், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். மற்றப் பிரிவில் ஒருவரும் சாகவில்லை.

பிராடன் கெட்டுப்போன அரிசியில் விஷம் இருப்பதாக நினைத்தார். விஷம் ஒன்றுமில்லை, இருக்க வேண்டியது இல்லாமல் போனதே காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. அதுதான் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் இச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பச்சையாகக் குத்தித் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். மாச்சத்து உடம்பில் சர்க்கரையாகி, பாதி உடைந்து, பின் முழுதாக எரிவதற்குள் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். அந்த வாசலைத் திறக்கத் தயமின் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராம் அளவுதான். அது இல்லையேல் வயிறு நிறையச் சோறு இருந்தும் நரம்பும் இருதயமும் பட்டினி கிடக்கும்.

பிள்ளையின் இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். பாலும் தயிரும் உண்பவனாகையால் பி12 போதிய அளவு இருந்தது. (பாலையும் விட்டவர்கள் இதை மாத்திரையாக எடுத்தே ஆகவேண்டும், மரக்கறியில் அது கிடையாது.) இரும்புச் சத்துத்தான் குறைந்திருந்தது. இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பின் துணையால். சாப்பாட்டோடு என்ன குடிப்பாய் என்று டாக்டர் கேட்டார். தேநீர் என்றான். மூன்று வேளையும்! தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது. தேசிக்காய்ப் புளியோ அதற்கு உதவும். தேநீரை இரண்டு மணி நேரம் பிந்திக் குடிக்கச் சொல்லி, சில மாதங்களுக்கு இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். முட்டை பற்றித் தகப்பனார் கேட்டதற்கு, கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் ஓட முடியாது என்றில்லை என்றார்.

இந்த ஆண்டு போட்டிக்கு முந்திய மூன்று நாளும் அவன் புழுங்கலரிசிச் சோறும் பருப்பும் கீரையும் தேசிக்காய் பிழிந்து உண்டான். அம்மம்மா தாமே பக்கத்திலிருந்து பரிமாறினார். போட்டியன்று முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில், கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு, கையில் ஒரு பனங்கட்டித் துண்டோடு அவர் காத்து நின்றார். பேரன் கையை அசைத்துவிட்டு நிற்காமலே ஓடிப் போனான். கொண்டுவந்ததை வாங்காமல் போய்விட்டானே என்று வீடு வந்து சேரும்வரை அவருக்கு ஒரே குறை.