இறகு முளைக்கும் வாரங்கள்

மூன்றாவது வாரத்தில் கோழிக்குஞ்சைப் பார்த்தால் மனசு கேட்காது. பொரித்தபோது இருந்த பஞ்சு மயிர் உதிர ஆரம்பித்திருக்கும், இறகோ இன்னும் மூடியிருக்காது. இறக்கையும் வாலும் மட்டும் முளைத்து, முதுகில் தோல் தெரியும். உடனே சீக்கு என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இறக்கையை மெல்ல விரித்தால் முளை இறகுகள் ஊசி ஊசியாக நிற்கும். அந்த உறைக்குள் இரத்தம் ஓடுகிறது. இறகு வளர்ந்ததும் இரத்தம் வற்றி, உறை பொடியாக உதிர்ந்து, நுனி விரியும். இடநெருக்கடியும் கூசும் வெளிச்சமும் இருந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தும். வளரும் இறகு முறிந்து இரத்தம் கசியும். அந்தச் சிவப்பைக் கண்ட மற்றவையும் அங்கேயே கொத்தும். அடிபட்டதை அப்போதே தனியாக எடுத்துவிட வேண்டும்.

ஊசிகள் வரிசையாக இருந்து, குஞ்சும் சுறுசுறுப்பாக இருந்தால் பயமில்லை. பெருவிடைக் குஞ்சைக் காட்டி அப்பத்தா சொல்வார்: "அது வம்சம் அப்படிப்பா. ஒடம்பு கட்டுன பெறவுதான் றெக்க வரும்." வம்சம் என்று அவர் சொன்னது சரிதான். இறகு சீக்கிரம் வருவதையும் தாமதமாக வருவதையும் தீர்மானிக்கும் மரபணு ஒன்று பாலினக் குரோமோசோமிலேயே இருக்கிறது. அதற்கேற்ப இணைசேர்த்த இனங்களில், பொரித்த அன்றே இறக்கையைப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கிறார்கள்.

முதல் வாரத்தில் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குறைக்காமல் சூட்டிலேயே வைத்தால் இறகு பிந்தும். ஆனால் இறகு முறிந்து, இறக்கையிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, எச்சத்தில் செரிக்காத தீனி வந்தால் குடலில் கோளாறு. கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நான் பார்த்தவரை பெரும்பாலும் குறை தீனியில்தான். இறகு ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். குஞ்சுத் தீனியில் 20 சதவீதமாவது புரதம் வேண்டும். அரிசிக் குருணையில் அதில் பாதிகூட இல்லை. தாயோடு திரியும் குஞ்சுக்கு அவள் கிளறிக் காட்டும் பூச்சி உண்டு. பெட்டியில் குண்டு பல்புக்கு அடியில் வளர்வதற்கு அதை யார் கொடுப்பது? நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதற்குத்தான் கரையான் பானை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் மண்ணில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் நிமிர்த்தினால் சாக்கு முழுக்க வெள்ளையாக நெளியும். குஞ்சுகள் முன்னால் உதறினால் ஒன்றின் வாயிலிருப்பதை இன்னொன்று பிடுங்கும். கரையான் கிடைக்காத நாளில் உப்பில்லாத மீன்தூள் கலக்கலாம். பிண்ணாக்கு என்றால் எள்ளுப் பிண்ணாக்கையும் சேர்க்க வேண்டும். இறகுக்குத் தேவையான மெத்தியோனின் கடலைப் பிண்ணாக்கைவிட அதில்தான் அதிகம்.