வாள் சொன்ன வயது

பழைய வாளைக் கண்டால், "இது யார் தலையை வெட்டியது?" என்று முதலில் கேட்பார்கள். "என்ன விலை போகும்?" என்பது அடுத்த கேள்வி. வாளின் வயதைக் கேட்பவர் அபூர்வம். ஆனால், நேயர்களே, வயது தெரியாமல் மற்ற இரண்டுக்கும் எப்படி விடை சொல்வது?

இஸ்தான்புல் நகரில் சில நாள் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் எண்பதை நெருங்கியவர், நல்ல மனிதர். ஒரு நாள் மாலை பட்டுத் துணியில் சுற்றிய வாளைக் கொண்டு வந்து வைத்தார்.

"1683-ல் வியன்னா முற்றுகைக்கு எங்கள் முன்னோர் ஏந்திச் சென்ற வாள் இது. நீங்கள் பழைய ஆயுதங்களைப் பற்றிப் படித்தவராயிற்றே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது.

முதலில் உருவத்தைப் பார்த்தேன். துருக்கி வாள்களில் முக்கியமாக இரண்டு வகை. 'யாதகான்' என்பதற்குக் கைக்காப்பு கிடையாது. பிடியின் முனையில் இரண்டு காதுகள் விரிந்திருக்கும். 'கிளிச்' நன்றாக வளைந்தது. நுனிப் பக்கம் அகன்று, அங்கே இரு புறமும் கூராயிருக்கும். இது கிளிச்தான். ஆனால் குட்டையாக, அகலமாக இருந்தது. அது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் அதிகமாக வழங்கிய உருவம்!

உறையின் வெள்ளிப் பூண்களில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு முத்திரை. அதுதான் 'துக்ரா', ஸுல்தானின் சின்னம். வெள்ளியின் தரத்துக்குச் சாட்சியாக அதை அடிப்பார்கள். நாம் இனிஷியல் போடுகிறோமே, அதுபோல ஸுல்தானின் தகப்பனார் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: மஹ்மூத், அப்துல் ஹமீதின் மகன். முதலாம் மஹ்மூத் முஸ்தபாவின் மகன். ஆகவே இவர் 1808 முதல் 1839 வரை ஆண்ட இரண்டாம் மஹ்மூத்.

அத்துடன் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பூண் என்பது வாளுக்குச் சட்டை மாதிரி. பழைய அலகுக்குப் புதுச் சட்டை போடுவது சகஜம். அலகைத் திருப்பினேன். பொன்னால் பதித்த அரபு இலக்கங்கள்: 1240. ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து, 622-ஐக் கூட்ட வேண்டும். 1240-ல் 37 போனால் 1203. 622 சேர்த்தால் 1825. உருவம், முத்திரை, ஆண்டு மூன்றும் ஒரே பக்கம் சாட்சி சொல்லிவிட்டன.

"வியன்னாதான்" என்று சொல்லிவிட்டு அவர் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அவர் பேரனும் என் பெயரைச் சொல்லி அந்தக் கதையை நம்புவானே! உள்ளதைச் சொன்னேன். பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அப்படியானால் இது என் தாத்தாவுடைய தாத்தாவின் வாள். அவர் பெயர் எனக்குத் தெரியும். வியன்னாவுக்குப் போனவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

உங்கள் கைக்கும் என்றைக்காவது ஒரு பழைய வாள் வரலாம். தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், பொன் எழுத்து போய்விடும். அழுக்கோடேயே வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். குடும்பக் கதையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.