வான் பெட்டி

தொட்டி நான்கு அடி நீளம். அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. விளிம்பு வரை 255 லீற்றர்.

ஓர் அங்குலம் இறங்கினால் 14 லீற்றர். இந்த 14ஐ மறக்கக் கூடாது.

கல்முனையில் கண்ணாடி வெட்டும் கடை. "ஓவர்ஃப்ளோ பொக்ஸ்" என்றேன். நானாவுக்கு விளங்கவில்லை. கையால் காட்டினேன். "வான் பாயிறதுக்குப் பெட்டி வைக்கப் போறீங்க. அப்பிடிச் சொல்லுங்களன் தம்பி."

அன்றிலிருந்து எனக்கும் அது வான் பெட்டி.

கண்ணாடியில் துளை போட்டுத் தருவாரா என்று கேட்டேன். போடலாமாம். டெம்பர் கண்ணாடி என்றால் தொடமாட்டாராம். "தூளாப் பெய்த்திடும்." மீன் நிற்கிற தொட்டியிலும் கை வைக்கமாட்டாராம்.

ஆகவே துளை இல்லை. முதுகில் தொங்குகிற பெட்டி.

இரண்டு பெட்டி. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. விளிம்பைத் தாண்டி ஒரு வளைகுழாய். வெளிப் பெட்டியிலிருந்து பைப் கீழ்த்தொட்டிக்கு. அங்கே மோட்டர். மறுபடி மேலே.

மோட்டர் ஓடும் வரைக்கும் எல்லாரும் கெட்டிக்காரர்.

2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்போது சின்னத் தொட்டி. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். எத்தனை மிஞ்சின என்று அன்று எழுதி வைக்கவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு. நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை எங்கே, எங்கள் பாண்டிருப்பு எங்கே.

உள்பெட்டி பேர்ஸ்பெக்ஸ். சிலிக்கன் அதில் சரியாகப் பிடிக்காது. பெயர்ப்பலகை செய்கிற பையன் ஒட்டித் தந்தான். சிரிஞ்சால் மூட்டோரம் குளோரோபோம், சொட்டுச் சொட்டாக. மூட்டே தெரியவில்லை.

கண்ணாடிக்குத்தான் சிலிக்கன். குளியலறைக்கு விற்கிறதை வாங்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்காமல் அதில் மருந்து கலந்திருக்கும். காயும்போது வினாகிரி மணம். யாரோ ஊறுகாய் போடுகிறார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள்.

பெட்டி வாயில் சீப்புப் பல். ஹெக்சோவால் வெட்டி, அரத்தால் ராவினேன். நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது இந்தப் பல்தான்.

பல்லுக்குள்ளால் இரண்டு குப்பி மீன் போய்விட்டன. கீழ்த்தொட்டியில் கண்டேன். மேலே இருந்ததைவிடக் கொழுப்பு.

வளைகுழாயில் காற்றை எடுக்க வேண்டும். அப்பா பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் எடுப்பார். குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு, உடனே துப்பல். அதே வித்தை. இங்கே பாசி ருசி.

கரண்ட் நின்றால்: தண்ணீர் பல் மட்டத்துக்கு இறங்கி நிற்கும். வெளிப் பெட்டியில் ஒரு தடுப்பு. அதனால் இரண்டு பக்கமும் சமம். குழாயின் இரண்டு வாயும் தண்ணீருக்குள். கரண்ட் வந்ததும் தானாக ஓடும்.

அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெளியிலும் தண்ணீர் விளிம்பைத் தாண்டும். கிட்டங்கித் தாம்போதி. மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர். நாவிதன்வெளிப் பக்கத்துச் சனம் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்க்கும்.

பெரியகல்லாற்றில் முகத்துவாரம் வெட்டுவார்கள். மணல் திட்டில் சின்ன வாய்க்கால்தான் மனிதன் வெட்டுவது. மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும்.

வெட்டு என்பவர் வயல்காரர். பொறு என்பவர் வலைகாரர்.

மாவடிப்பள்ளி. 2024 நவம்பர். உழவு இயந்திரத்தில் வந்த மதரசா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோனது.

இன்று வேறொன்றும் எழுதவில்லை.

பழைய குளக்கட்டுகளுக்குள் சதுரமாக ஒரு கல் பெட்டி உண்டு. பிசோகொட்டுவ. ஹென்றி பார்க்கர் 1909 புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது மதகுக்கு, வானுக்கு அல்ல. ஆனாலும் பெட்டி.

தண்ணீர் ஏறி வருகிற பைப்பின் வாய் ஆழத்தில் இருந்தது. கரண்ட் போனால் அதுவே திருப்பி இழுக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டேன். மட்டம் இறங்கித் துளை வெளியே தெரிந்ததும் காற்றை இழுத்து நின்றுவிடும். துளையைப் பாசி அடைக்கும். வாரம் ஒரு தரம் ஈர்க்கால் குத்த வேண்டும்.

ஐந்தாம் நாள் இரவு. விறாந்தையில் கால் வைத்தேன், ஈரம்.

கரண்ட் போகவில்லை. குமிழ் சேர்ந்து வளைகுழாய் நின்றுவிட்டது. மோட்டருக்கு அது தெரியாது. கீழே மோட்டருக்கு மேல் இருந்தது அத்தனையையும் தள்ளி முடித்திருந்தது.

குழாய் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது என்று நினைத்தது என் பிழை. மெல்லியதில் ஓட்டம் வேகம். குமிழை அள்ளிக்கொண்டு போகிறது. இப்போது கண்ணாடிபோல் தெரிகிற குழாய். உள்ளே பார்க்கலாம்.

துளை போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த தொட்டிக்குத் துளைதான்.

சத்தம். வெளிப் பெட்டி பைப்பில் களக், களக். அம்மாவுக்கு இரவில் தண்ணீர்ச் சத்தம் ஆகாது. 2004 சுனாமிக்குப் பிறகு.

டூர்சோ என்ற அமெரிக்கரின் பெயரில் ஒரு வழி உண்டு. பைப் தலையில் ஒரு டீ, அதில் கீழ்நோக்கி ஓர் எல்போ, மேல் மூடியில் ஊசித்துளை. காற்று தனி வழியாகப் போகும். மூன்று தரம் துளையைப் பெருப்பித்தேன்.

சத்தம் நின்றது. அம்மா கேட்டா: "கரண்ட் போயிட்டா?"

வெயில் நாட்களில் தொட்டி குறைவதில்லை. கீழ்த்தொட்டிதான் குறைகிறது. மேலே பார்ப்பவர்களுக்கு எப்போதும் நிறைவு.

இன்று மெயினை நிறுத்திப் பார்த்தேன். கீழே ஏறியது 17 லீற்றர். 14 அல்ல. பைப்பில் நின்ற தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை.

கீழ்த்தொட்டியில் மார்க்கரால் கோடு. இதற்கு மேல் ஊற்றக் கூடாது.

மெயினைப் போட்டேன். வளைகுழாயில் மூன்று குமிழ். இரண்டு போய்விட்டன.