தலைக்கா, உடலுக்கா?

1947இல் வெளிவந்த செவர்லே பிக்கப்பின் முகப்பையும் கேபினையும், 1982 மாடலாக அறிமுகமான எஸ்-10இன் சேசிஸ்மீது ஏற்றுவது அமெரிக்கப் பட்டறைகளில் பழகிய வேலை. பழையதன் அச்சு இடைவெளி 116 அங்குலம். நீளமான எஸ்-10க்கோ ஏறத்தாழ 118. ஆகவே மட்கார்டு வளைவுக்குள் சக்கரம் பெரும்பாலும் அடங்கிவிடும். கேபினையும் ரேடியேட்டரையும் தாங்கும் இணைப்புகளைப் புதிதாய் வெல்டிங் செய்தாக வேண்டும்.

பிறகு அது எந்த வண்டி? தலைகள் மாறிய வேதாளக் கதையில், தலைக்குரியவனே கணவன் என்று தீர்ப்பளித்தான் விக்கிரமாதித்தன். வகுப்பில் நாமும் அதையே வழிமொழிந்து வந்திருக்கிறோம். தெருவில் பார்ப்போரும் பழைய முகத்தையே வியப்பார்கள். ஆனால் பழைய வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப்போவது எஸ்-10இன் டிஸ்க் பிரேக். பெயரைத் தலைக்கே கொடுப்போம். நன்றியை உடலுக்குச் சொல்வோம்.