பதுளை மைதானத்தில் ஒரு சனிக்கிழமை

ஊவா மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்வோர் பெரும்பாலும் புகையிரதப் பாதையின் புகழைப் பாடியே திரும்புவர். 1921ஆம் ஆண்டில் எழுந்த ஒன்பது வளைவுப் பாலமும், தன் நிலையத்துக்கு அடியிலேயே வளைந்து நுழையும் தெமோதரை இருப்புப்பாதையும், 1924இல் அப்பாதை வந்து முடிவுற்ற பதுளை நிலையமும் பார்க்கத்தக்கனவே. அவற்றைப் பற்றி எழுதினோர் பலர். நாம் பண்டாரவளையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பஸ் வண்டியில் பதுளைக்கு இறங்கியது அவற்றைக் காண அன்று. துன்கிந்த நீர்வீழ்ச்சிக்காகவும் அன்று. உதைபந்தாட்டம் பார்க்கவே சென்றோம்.

அன்று பாடசாலை ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் நாள். நமது நாட்டுப் பாடசாலை விளையாட்டுக்குக் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிகள் உண்டு. ஒரு படியில் பயிற்றுநரின் கண்ணிற் படாதவன் அடுத்த படியை ஏறுவதில்லை. அமெரிக்காவில் இத்தகைய நாட்கள் பெருவணிகமாகவே வளர்ந்துவிட்டன. அங்கே 'ஃபுட்போல்' என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். உயர்தரப் பள்ளி மாணாக்கர் கட்டணஞ் செலுத்தி முகாம்களுக்குச் செல்வர்; சர்வகலாசாலைப் பயிற்றுநர்கள் கடிகாரமும் கையுமாக நின்று, 40 யார் தூரத்தை, அதாவது ஏறத்தாழ முப்பத்தாறரை மீற்றரை, ஒருவன் எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்று குறித்துக்கொள்வர். அவ்விநாடிக் கணக்கினால் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவு முழுவதுமே தீர்ந்துவிடுவதும் உண்டு.

பதுளையில் முகாமுமில்லை, கட்டணமுமில்லை. ஒரு கடிகாரம் இருந்தது. நமுனுகுலை மலை முகிலுக்குள் மறைந்திருந்த அக்காலை வேளையில், பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் ஐந்து பையன்களை அழைத்து வந்திருந்தார். அவர்கள் விளையாடிப் பழகிய திடல், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலம் என்றார்; ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் தேயிலை. எல்லை தாண்டிய பந்து பல நிரைகள் கீழே உருண்டு போய்த்தான் நிற்குமாம். அடித்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும் என்பது அவ்விடத்துச் சட்டம். ஆதலால் அப்பிள்ளைகள் பந்தை உயரத் தூக்கி அடிப்பதில்லை. காலோடு ஒட்டி வைத்தே கொண்டு செல்வர். எந்தப் பயிற்றுநரும் சொல்லிக் கொடுக்காத இவ்வித்தையை நாம் வெகுவாக ரசித்தோம்.

ஐவருள் மெலிந்த ஒருவன் மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தான். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கும் தமையன் அனுப்பிய சப்பாத்து, ஓரளவு பெரிது, முனையில் பத்திரிகைத் தாளைத் திணித்திருந்தான். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கிலேயே தோற்றனர். இப்போது அதற்கு விதி இடந்தராது. பயிற்றுநர் தமது தாளில் ஏதோ எழுதினார். அது நல்ல குறிப்பாகத் தோன்றவில்லை.

இடைவேளையில் ஆசிரியர் அடுத்த அணியிடம் சென்று சிங்களத்தில் மெல்லப் பேசினார். ஆடி முடித்திருந்த நகரத்துப் பையன் ஒருவன், ஒன்றுஞ் சொல்லாமற் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தான். அதன் பின் கால்மணி நேரம் நாம் கண்டது வேறோர் ஆட்டக்காரனை. இருவரை விலக்கி அவன் கொடுத்த பந்து கோலாயிற்று. பயிற்றுநர் தாளைத் திருப்பி மீண்டும் எழுதினார்.

மாலையில் வாசிக்கப்பட்ட பெயர்களுள் இறுதியில் அவன் பெயர் இருந்தது, மேலதிக ஆட்டக்காரனாக.

"அடுத்த கிழமையிலிருந்து பயிற்சி. வருவியா தம்பி?" என்றார் பயிற்றுநர்.

"அப்பாகிட்ட கேக்கணும், சேர்."

கேட்கத்தான் வேண்டும். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்வதற்கே நெடும் போராட்டம் நடந்து 2021ஆம் ஆண்டு வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் கூலி, உணவு, அவ்வருடமே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. மறுபுறம், தேசிய மட்டத்தில் விளையாட்டுச் சாதனை புரிந்தோர்க்கு, உயர்தரத்தில் வேண்டிய பெறுபேறும் இருப்பின், பல்கலைக்கழக அனுமதியில் சிறியதொரு விசேட ஒதுக்கீடு உண்டு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளும் உண்டு. இவையனைத்தையும் ஆசிரியர் அறிவார். தந்தையார் அறிவாரோ என்னவோ.

பையன் மைதானக் குழாயில் இரவற் சப்பாத்தைச் சேறு போகக் கழுவி, உரியவனிடம் சேர்த்த பின்னரே பஸ்ஸுக்கு வந்தான். நாமும் பசறை வரை அவர்களுடன் சென்றோம். ரொட்டியும் சம்பலும் பகிர்ந்துண்டோம். பதுளைக் கடைகளில் அந்த அளவுச் சப்பாத்து என்ன விலை இருக்கும் என்று அவன் ஆசிரியரிடம் இருமுறை கேட்டான்.

தோட்டச் சந்தியில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தந்தையார் காத்து நின்றார். பையன்கள் இறங்கினர். ஆசிரியர் தமது ஊருக்கு இன்னும் தொலைவு இருந்தும் தாமும் இறங்கி, அவர் தோளில் கைவைத்துப் பேசத் தொடங்கினார். பஸ் புறப்பட்டுவிட்டது. வளைவு திரும்பும் வரை இருவரும் அவ்விடத்திலேயே நிற்பதைக் கண்டோம்.